பச்சை இலை போட்ட கடலை

ஐப்பசி பதினேழாம் தேதி, காலை எட்டு மணி. கருங்கல் ஓடைக் காட்டின் பொதுக் களஞ்சியத்துக்கு முன்னால் நூற்றுப் பன்னிரண்டு பிராணிகள் மழையில் நனைந்துகொண்டு நின்றன. வரிசையில் முதலில் நின்றது சிலுப்பி என்ற முள்ளம்பன்றி.

சிலுப்பிக்கு இரண்டு குட்டிகள். அடைமழை பிடித்ததிலிருந்து காடு முழுவதும் சேறு. கிழங்கு தோண்டப் போனால் குழிக்குள் தண்ணீர்தான் வந்தது. முந்தின நாள் முழுக்கக் குட்டிகள் பட்டினி. அதிலும் சின்னது எழுந்து நிற்கவே தடுமாறியது. அதனால்தான் சிலுப்பி எல்லோருக்கும் முன்னால் வந்து இடம் பிடித்திருந்தது.

களஞ்சியம் என்பது ஒரு பெரிய பாறைக் குகை. கோடையில் ஒவ்வொரு பிராணியும் தான் சேர்த்ததில் ஒரு பங்கை அங்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கடலை, சோளம், புளி, தேன் என்று எது கிடைத்ததோ அது. மழைக்காலத்தில் அதையே பங்கிட்டுக் கொடுப்பார்கள். இது யாரும் போடுகிற பிச்சை அல்ல. அவரவர் உழைப்பு அவரவர் வயிற்றுக்குத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

பண்டம் நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. பண்டத்தைக் குவித்த அன்றே அதன் மேல் ஒரு பச்சைத் தேக்கிலை போட வேண்டும். இலை பச்சையாக இருக்கும்வரை பண்டத்தைக் கொடுக்கலாம். இலை காய்ந்துவிட்டால் களஞ்சியப் பொறுப்பாளர் பண்டத்தைப் பரிசோதிக்க வேண்டும். நன்றாக இருந்தால் புது இலை. கெட்டிருந்தால் கழிவு.

பரிசோதிக்கும் அதிகாரம் பொறுப்பாளருக்கு மட்டுமே உண்டு. வரிசையில் நிற்பவர்கள் மோந்து பார்க்கக் கூடாது. மோந்தால் பண்டம் எச்சில் ஆகிவிடும். எச்சிலாக்கியவரே அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

காட்டில் மூக்கில்லாத பிராணி ஒன்றுகூடக் கிடையாது. இருந்தும் எல்லாப் பிராணிகளும் சேர்ந்துதான் இந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டிருந்தன.

பொறுப்பாளராக இருந்தது வக்கணை என்ற நரி. கழிவை அப்புறப்படுத்தும் வேலை மத்தளம் என்ற கரடிக்கு.

"வா, வா! சீக்கிரம் வா!" என்றது வக்கணை.

சிலுப்பி குகைக்குள் போனது. கடலைக் குவியலின் மேல் தேக்கிலை பளபளவென்று பச்சையாக இருந்தது. ஆனால் குவியலிலிருந்து ஒரு மக்கல் வாடை வீசியது.

"ஐயா, கடலை ஒரு மாதிரி வாடை அடிக்குதே?"

"மோந்தியா?"

"இல்லைங்க. நின்ன இடத்துக்கே வருது."

"இலை என்ன நிறம்?"

"பச்சைதான்."

"அப்புறம் என்னம்மா? மழைக்காலத்துல காடே வாடை அடிக்குது! வாங்கிட்டு நகரு!"

சிலுப்பி நகரவில்லை. "அப்போ கொஞ்சம் தேனாவது குடுங்க. சின்னதுக்கு முடியலை. நாக்குல தடவுனா தெம்பு வரும். கோடையில நானே ஒரு முழு அடை கொண்டுவந்து போட்டேனே!"

"தேனா? அது கெட்டுப்போச்சு!"

"தேன் கெட்டுப்போகுமா?"

"அதோட இலை காய்ஞ்சுபோச்சும்மா. கழிவுல சேர்த்தாச்சு."

மூலையில் உட்கார்ந்திருந்த மத்தளம் பெருமூச்சு விட்டது. "எப்பேர்ப்பட்ட தேன்! எல்லாம் வீணாப்போச்சு. ஒத்தை ஆளா நான்தான் அப்புறப்படுத்திக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லி உதட்டை நக்கிக்கொண்டது.

சிலுப்பிக்குப் பின்னால் துடியன் என்ற முயல் நின்றது. அதற்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, கரடியண்ணன் கழிவை அப்புறப்படுத்தி அப்புறப்படுத்தியே எப்படி வீங்கிப்போயிட்டார் பாருங்க! உழைப்புன்னா இதுதான் உழைப்பு!"

வரிசை முழுவதும் சிரித்தது. வக்கணையும் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கடலையை அள்ளிப் போட்டது. சிரித்தவர்களில் ஒருவர்கூட அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கடலை ஏன் மக்கிப்போனது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். குகைக்குள் ஈரம் ஏறாத இடம் ஒன்றே ஒன்று. அது ஒரு பாறை மேடு. கடலையைக் காய்ந்த இடத்தில் வைத்தால் ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கும். ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். ஆகவே மேட்டில் இருக்க வேண்டியது கடலை. ஆனால் மேட்டில் இருந்தது வக்கணையின் படுக்கை! கடலையைக் கீழே, பாறை கசிகிற ஓரத்தில் கொட்டியிருந்தார்கள்.

இலை காய்ந்தபோது வக்கணை ஒரு கடலையை உடைத்துப் பார்த்திருந்தால் போதும், உள்ளே இருந்த பூசணம் தெரிந்திருக்கும். அது உடைக்காமலே புது இலை போட்டது. உடைத்தால் கழிவென்று சொல்ல வேண்டும். கழிவென்றால் "ஏன் கெட்டது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் மேட்டின் மேல் மெத்தென்று விரிந்து கிடந்தது.

தேனின் கதை நேர்மாறு. மூடி வைத்த தேன் வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் தேன்மேல் போட்ட இலை காயத்தானே செய்யும்? காய்ந்ததும் அதைக் கழிவென்று ஒதுக்கினார்கள். பாதி கரடிக்கு, பாதி நரிக்கு. கெட்டதற்குப் பச்சை இலை, கெடாததற்குக் காய்ந்த இலை. இதற்கு வக்கணை வைத்த பெயர் நிர்வாகம்.

சிலுப்பி கடலையோடு வளைக்குத் திரும்பியது. ஓட்டை உடைத்துப் பார்த்தது. பருப்பு சுருங்கிக் கறுத்திருந்தது. சிலவற்றில் பச்சைப் பூசணம் தூள்தூளாக ஒட்டியிருந்தது. அது நல்ல பருப்பாகப் பொறுக்கி எடுப்பதற்குள் சின்னது பசி தாங்காமல் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது.

"துப்பு! துப்புடி!"

"கசக்குதும்மா" என்றது சின்னது. ஆனால் விழுங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வாந்தி தொடங்கியது. வயிற்றில் ஒன்றுமில்லாத பிறகும் நிற்கவில்லை. பிறகு தலை தொங்கிவிட்டது. பெரியது அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மூலையில் ஒண்டியது.

சிலுப்பி வெளியே ஓடி வந்தது. எதிரே துடியன் ஓடி வந்தது. அதன் வாயில் அன்றைக்கு முதல் முறையாக வேடிக்கை இல்லை. "அக்கா, என் குட்டிங்க மூணும் வாந்தி எடுக்குதுங்க!"

சிலுப்பிக்கு முதுகில் ஒவ்வொரு முள்ளும் நிமிர்ந்தது. உடைத்த கடலைகளை ஓட்டோடு வாயில் கவ்விக்கொண்டு நேராகக் களஞ்சியத்துக்குப் போனது. துடியனும் கூடப் போனது.

வக்கணை மேட்டில் படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. சிலுப்பி கடலையை அதன் முகத்துக்கு முன்னால் துப்பியது.

"எழுந்திருய்யா! இதுதான் உன் நல்ல கடலையா?"

வக்கணை ஒரு கண்ணைத் திறந்தது. "இங்கேயிருந்து போறப்போ நல்லாத்தான் இருந்துச்சு. உன் வளையில ஈரம் இருக்கும்."

"காலையில வாங்கின கடலையில மதியத்துக்குள்ள பூசணம் பிடிக்குமா?"

"சில வீட்டுல பிடிக்கும். சுத்தமா இருந்தாப் பிடிக்காது!"

"என்னையா அசுத்தம்ங்கிற?"

மத்தளம் இடையில் புகுந்தது. "இந்தா பாரு, குட்டிக்கு யாரோ கண்ணு போட்டிருப்பாங்க. சுத்திப் போடு, சரியாயிடும்."

"என் குட்டி உயிருக்கு ஊசலாடுது, கண்ணு போட்டுட்டாங்கன்னா சொல்ற? தேனைக் குடு! கடலை விவகாரத்தை அப்புறம் பேசுவோம். கொஞ்சம் தேன் குடு, தண்ணியில கரைச்சு ஊத்திப் பார்க்கிறேன்!"

"கெட்டுப்போன தேனைக் குழந்தைக்குக் குடுக்கறதா?" வக்கணை இரண்டு காதையும் பொத்திக்கொண்டது. "எனக்கு மனசாட்சி இருக்கும்மா! ஏதாச்சும் ஆயிட்டா யார் பொறுப்பு? புகார் இருந்தா தலைவரம்மாகிட்ட சொல்லு. ஆனா என் மூலமாத்தான் சொல்லணும். நான் இப்போ ஓய்வுல இருக்கேன்."

அது திரும்பிப் படுத்தது.

காட்டுக்குத் தலைவி கார்மேகி என்ற யானை. ஓடையின் மேற்கரையில் மூங்கில் ஒடித்துத் தின்றுகொண்டிருந்தது. சிலுப்பியும் துடியனும் போகும் வழியிலேயே இன்னும் பல பிராணிகள் சேர்ந்துகொண்டன. கீரிப்பிள்ளை வீட்டிலும் வாந்தி. அணில் வீட்டிலும் வாந்தி. எல்லா வீட்டிலும் அதே கடலை.

கார்மேகி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டியது. "நான் மாசாமாசம் பார்வையிடறேனே. போன தடவையும் ஒவ்வொரு குவியலா நின்னு பார்த்தேன். கழிவுன்னு ஒதுக்கினதைத் தவிர ஒரு இலைகூடக் காய்ஞ்சிருக்கலையே!"

"இலையைப் பார்த்தீங்க தலைவரம்மா. இலைக்கு அடியில பார்த்தீங்களா?"

"இலையைத்தானே பார்க்கச் சொல்லுது சட்டம்?"

"இப்போ வந்து பாருங்க. என் குட்டி தாங்காது. நடந்துக்கிட்டே பேசுவோம்!"

யானை வருவதைக் கண்டதும் வக்கணை மேட்டிலிருந்து குதித்து ஓடி வந்தது. "வாங்க தலைவரம்மா, வாங்க! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாசல்ல தோரணம் கட்டியிருப்பேனே!"

கார்மேகி குகைக்குள் தலையை நீட்டியது. கடலையின் மேல் பச்சை இலை. சோளத்தின் மேல் பச்சை இலை. தேனடைகளின் மேல் மட்டும் காய்ந்த சருகு.

"எல்லாம் சட்டப்படிதானே இருக்கு?" என்றது கார்மேகி.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சிலுப்பி யானையின் காலடியில் போய் நின்றது.

"தலைவரம்மா, இந்தக் காட்டுலேயே நீளமான மூக்கு உங்களுக்குத்தான். ஒரே ஒரு தடவை மோந்து பாருங்க!"

"மோந்தா எச்சிலாச்சேம்மா. அப்புறம் இந்தக் குவியல் முழுக்க நானே எடுத்துக்கணும். தலைவியே சட்டத்தை மீறலாமா?"

"அவ்வளவு பெரிய மூக்கை எதுக்கு வளர்த்து வச்சிருக்கீங்க? தோரணத்துக்கா?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். கார்மேகியின் காதுகள் விறைத்தன.

சிலுப்பி கோபத்தை அடக்கிக்கொண்டது. குட்டியின் தொங்கிய தலை அதன் கண்ணுக்குள்ளேயே நின்றது. கத்தினால் தேன் கிடைக்காது. சட்டம் பேசுகிறவர்களிடம் சட்டம்தான் பேச வேண்டும்.

"சரி, மோக்க வேண்டாம். சட்டப்படியே செய்யலாம். பச்சை இலை இருந்தா நல்ல பண்டம். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்போ எங்க யாருக்கும் இந்தக் கடலை வேண்டாம். பொறுப்பாளரும் கரடியண்ணனும் நாள் முழுக்க உழைக்கிறாங்க. இந்தக் குவியல் முழுசையும் அவங்களே வச்சுக்கட்டும். இப்பவே உங்க முன்னால ஆளுக்கு ஒரு கை சாப்பிடட்டும்! காய்ஞ்ச இலை இருந்தா கழிவு. கழிவைக் கேட்கிறவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?"

கார்மேகி யோசித்தது. "இல்லை."

"அப்போ அந்தக் கழிவை எங்க குட்டிங்களுக்குக் குடுங்க!"

கார்மேகி வக்கணையைப் பார்த்தது. "நியாயமாத்தானே கேட்கிறா? ஒரு கை சாப்பிடு."

"எனக்கு இன்னிக்கு விரதம், தலைவரம்மா."

"காலையில கோழி தின்னியே!" என்றது கீரிப்பிள்ளை.

"அதுக்கு அப்புறம்தான் விரதம் ஆரம்பிச்சேன்!"

இதற்குள் துடியன் ஒரே தாவலில் தேனடைகளின் மேல் கிடந்த சருகைத் தள்ளிவிட்டு ஓர் அடையைத் தூக்கியது. மத்தளத்தால் அதைத் தாங்க முடியவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தது.

"ஐயையோ, அதைத் தொடாதே! அது நல்ல தேன்! இன்னும் ரெண்டு மழைக்காலத்துக்கு வரும்!"

"நல்ல தேனா?" என்றது கார்மேகி.

மத்தளம் வாயைப் பொத்திக்கொண்டது. வக்கணை அதன் காலை ஓங்கி மிதித்தது. காலம் கடந்துவிட்டது.

அப்போதுதான், அத்தனை மாதங்களில் முதல் முறையாக, கார்மேகி தும்பிக்கையைக் கடலைக் குவியலுக்குள் விட்டு இழுத்து மோந்தது.

அதன் கண்கள் கலங்கின. உடம்பு குலுங்கியது. பிறகு ஒரு தும்மல் வந்தது. குகை அதிர்ந்தது. குவியல்களின் மேல் கிடந்த பச்சை இலைகள் எல்லாம் பறந்தன.

பச்சை இலைக்கு அடியில் ஒரு காய்ந்த இலை இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு காய்ந்த இலை, கறுத்து, கடலையோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. வக்கணை பரிசோதிக்கவில்லை என்பது மட்டுமல்ல, பழைய இலையை எடுத்துப் போடக்கூட அதற்கு அலுப்பு! பச்சைப் பூசணம் படர்ந்த கடலை மழை வெளிச்சத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. சோளத்திலிருந்து வண்டுகள் சாவகாசமாக ஊர்ந்து வெளியே வந்தன.

"பழைய இலையை எடுக்கணும்னு சட்டத்துல எங்கேயும் சொல்லலையே!" என்றது வக்கணை.

கூட்டம் உறுமியது. கார்மேகி தும்பிக்கையைத் துடைத்துக்கொண்டு, "இதைத் தீர விசாரிக்கணும்" என்று தொடங்கியது.

"என்னத்தை விசாரிக்கணும்?" சிலுப்பி சீறியது. "மூக்கு இருக்கிறவங்களை மோக்காதேன்னு சொன்னது சட்டமா? இவன் உலர்ந்த இடத்துல படுத்து உறங்க, நாங்க கொட்டின கடலை ஈரத்துல மக்கிச்சு. அதை எங்க பிள்ளைங்க தின்னாங்க. நீங்க மாசாமாசம் வந்து இலையைப் பார்த்துட்டுப் போனீங்க. அவன் திருடன் தலைவரம்மா. நீங்க என்ன?"

கார்மேகி குகை வாசலை விட்டு விலகி நின்றது.

"விசாரணையை அப்புறம் வச்சுக்கோங்க. நான் போறேன்."

சிலுப்பி ஓர் அடையைக் கவ்விக்கொண்டு மழைக்குள் ஓடியது. துடியன் இன்னொன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. மற்ற வீட்டுக்காரர்களும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மத்தளம் பார்த்துக்கொண்டே நின்றது. அதைத் தடுக்க அப்போது அதற்குத் துணிவில்லை.

சிலுப்பி தேனைத் தண்ணீரில் கரைத்துத் துளித்துளியாகச் சின்னதின் வாயில் விட்டது. முதல் துளி வெளியே வழிந்தது. அடுத்ததும் வழிந்தது. சிலுப்பி விடவில்லை. வெளிச்சம் மங்குவதற்குள் தொண்டை ஒருமுறை அசைந்தது. சின்னது பிழைத்துக்கொண்டது.

துடியனின் மூன்று குட்டிகளில் ஒன்று பிழைக்கவில்லை. மறுநாள் ஆறுதல் சொல்ல சிலுப்பி போனபோது துடியன் வளை வாசலில் உட்கார்ந்திருந்தது.

"வரிசையில நான் வேடிக்கை பேசினேன் அக்கா. அந்த நேரத்துக்கு ஒரு கடலையை உடைச்சுப் பார்த்திருக்கலாம்" என்றது. அதற்குப் பிறகு அது வேடிக்கை பேசி யாரும் கேட்டதில்லை.

அந்த வாரமே கூட்டம் போட்டார்கள். கார்மேகி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டது. சில பிராணிகள் மன்னித்தன. சிலுப்பி மன்னிக்கவில்லை, அதைச் சொல்லியும் காட்டியது. மத்தளத்தின் வேலை போயிற்று. வக்கணையைக் காட்டை விட்டே விரட்டினார்கள். போகும்போதும் அது, "என் அனுபவத்தோட அருமை உங்களுக்கு அப்புறம் தெரியும்!" என்று சொல்லிவிட்டுத்தான் போனது.

மக்கிய கடலையைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பறவைகள்கூடக் கொத்தாதபடி மேலே கல் வைத்தார்கள். நரியின் படுக்கை இருந்த மேட்டில் மிச்சம் இருந்த நல்ல தானியத்தை ஏற்றினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இலை என்ற சட்டம் ஒழிந்தது. தேனுக்கும் கடலைக்கும் ஆயுள் ஒன்றல்ல என்பது காட்டில் எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்ததைச் சட்டத்தில் சேர்க்க ஒரு குட்டி சாக வேண்டியிருந்தது. இனி வாங்குகிறவர் மோந்து பார்க்கலாம், உடைத்துப் பார்க்கலாம், வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம். அது எச்சில் ஆகாது என்றும் முடிவாயிற்று.

பண்டத்தைப் பார்க்காமல் அதன் மேல் போட்ட இலையைப் பார்த்து வாங்குகிறவர், விஷத்தையும் வரிசையில் நின்று வாங்குவார்.

தை இரண்டாம் தேதி, பக்கத்திலிருந்த கீழ்க்காட்டுப் பொதுக் களஞ்சியத்தின் புதிய பொறுப்பாளராக வக்கணை பதவி ஏற்றது.